பதினேழு சீட் விமானத்தில் மகளை அனுப்பலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, 1 செப்டம்பர் 2024

அண்ணா, என் மகள் நர்சிங் முடித்துவிட்டு அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேரப் போகிறாள். சென்னையிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து திப்ருகர் வரை பெரிய விமானம். அதற்கப்புறம் 17 பேர் உட்காரும் டோர்னியர். போன மாதம் பிரேசிலில் ஒரு விசிறி விமானம் சுற்றிச் சுற்றி வந்து விழுந்ததே, அந்த வீடியோவை வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதற்கு முந்தின மாதம் காட்மாண்டுவில் ஒன்று. காட்பாடியில் ரயில் ஏறினால் போதும், எத்தனை நாள் ஆனாலும் சரி என்கிறாள் அவள் அம்மா. சின்ன விமானம் என்றாலே ஆபத்துதானா? நாளைக்கு நம்ம வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கும் 19 சீட் விமானம்தான் வரும் என்கிறார்கள்.

2 செப்டம்பர்

அனுப்புங்கள் தம்பி. முதலில் பதில், அப்புறம் காரணம்.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். அசாமில் ஜோர்ஹாட்டில் சில காலம் இருந்தேன், இப்போது சத்துவாச்சாரியில். டோர்னியரின் வயிற்றுக்கடியில் படுத்தபடி ரிவெட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தே பல இரவுகள் போயிருக்கின்றன. நல்ல விமானம். ஜெர்மன் வடிவமைப்பு, கான்பூரில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் கட்டுகிறது. இரண்டு எஞ்சின். குட்டை ஓடுதளத்தில் இறங்கி ஏறும். கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை மூன்றிடமும் இருக்கிறது. உங்கள் மகள் போகும் தடத்தில் 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் இதைப் பயணிகளுக்காக ஓட்டத் தொடங்கியது.

சின்னது என்றால் ஆபத்து என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து விமானத்தின் அளவால் வருவதில்லை. பெரிய ஜெட் 35,000 அடியில், மேகக் கூட்டத்துக்கு மேலே போய்விடும். சின்ன விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. மேகம் இருக்கும் உயரத்தில், மலை இருக்கும் உயரத்தில்தான் அது பறக்கிறது. குட்டை ஓடுதளம், குறைந்த வழிகாட்டிக் கருவிகள், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வானிலை. இத்தனைக்கும் நடுவில் "போகலாமா, வேண்டாமா" என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். சின்ன விமானத்தில் பாதுகாப்பு என்று நான் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு முடிவைத்தான்.

2 செப்டம்பர், இரவு

விசிறி வைத்தது என்றால் பழைய காலத்து விமானம் என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. உள்ளே சுழல்வது ஜெட் போலவே டர்பைன்தான், அந்தச் சக்தியால் விசிறி சுற்றுகிறது. சேலத்துக்குச் சென்னையிலிருந்து இண்டிகோ ஓட்டும் ஏடிஆர் 72-600 இன்றும் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கும் விமானம். குறைந்த தூரத்துக்கு ஜெட்டைவிட எரிபொருள் மிச்சம். அதற்காகத்தான் விசிறி.

4 செப்டம்பர்

காட்மாண்டு பற்றி. ஜூலை 24 அன்று விழுந்தது 50 சீட் ஜெட். பயணிகள் சேவையே அல்ல. பழுதுபார்ப்புக்காக பொக்காராவுக்குக் கொண்டுபோனார்கள், உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் ஆட்கள். 19 பேரில் 18 பேர் போய்விட்டார்கள், கேப்டன் மட்டும் பிழைத்தார். அதை வைத்து டோர்னியரை எடைபோட முடியாது.

நேபாளத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. 2011 செப்டம்பர் 25 நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எவரெஸ்ட்டைச் சுற்றிக் காட்டும் விமானம். 19 சீட் பீச்கிராஃப்ட். காட்மாண்டுவுக்குத் திரும்பி வரும்போது, பருவமழை மேகத்துக்குள், தாழப் பறந்து குன்றில் மோதியது. 19 பேரும் இறந்தார்கள். அதில் 10 பேர் இந்தியர்கள், அவர்களில் 8 பேர் திருச்சிப் பக்கத்தவர்கள், கட்டுமானத் தொழிலில் இருந்தவர்கள். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை, கண் தெரியாத மேகத்துக்குள், மலை மேல் கொண்டுபோய் மோதுவது. சின்ன விமான விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். 2022 மே மாதம் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போன ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானமும் மேகத்துக்குள் மலைச்சரிவில்தான் மோதியது. 22 பேர். மகாராஷ்டிரத்துக் குடும்பம் ஒன்று அதில் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து நேபாள விமான நிறுவனங்கள் எதையும் தன் வானத்துக்குள் விடவில்லை. அங்கே பறப்பதும் இதே மாடல் விமானங்கள்தான். தடை அந்த நாட்டின் கண்காணிப்பின் மீது வந்தது.

7 செப்டம்பர்

பிரேசில் விபத்து பற்றி முதற்கட்ட அறிக்கை நேற்று வந்துவிட்டது. ஆகஸ்ட் 9, ஏடிஆர் 72-500, 62 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விமானத்தில் உறைபனி பற்றிய எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. பனி படிந்தால் இறக்கையின் வடிவமே மாறிவிடும், வேகம் குறையும், ஒரு கட்டத்தில் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். முழுக் காரணம் இறுதி அறிக்கையில்தான் தெரியும், அதுவரை நானும் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் உறைபனி இந்த மாடலுக்குப் புதிதல்ல. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானாவில் ரோஸ்லான் பக்கம் ஓர் ஏடிஆர் 72 உறைபனியால் விழுந்து 68 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் இறக்கையில் பனி உடைக்கும் ரப்பர் பட்டைகளைப் பெரிதாக்கினார்கள், விமானிகளுக்கான நடைமுறைகளை மாற்றினார்கள்.

நம் பக்கத்து வானத்தில் ஏறத்தாழ 16,000 அடிக்கு மேலேதான் உறைநிலை வரும். ஏடிஆர் அந்த உயரத்தைத் தொடும். அதனால் சென்னை–சேலம் விமானிக்கும் மழைக்கால மேகத்தில் இந்தக் கவனம் வேண்டும். டோர்னியர் அவ்வளவு உயரம் போகாது. அதன் கேபினில் காற்றழுத்தம் ஏற்றும் வசதியே கிடையாது என்பதால் 10,000 அடியை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் பயணிகளைக் கொண்டுபோவார்கள். திப்ருகரிலிருந்து பாசிகாட் பிரம்மபுத்திராவைக் கடந்து மலையடிவாரம் வரைதான், உச்சி மலைகளைத் தாண்டும் வழி அல்ல. இதை அவள் அம்மாவிடம் சொல்லுங்கள். பனி அவள் பிரச்சினை இல்லை. காலை மூடுபனியும் மழை மேகமும்தான்.

7 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்து மேலே ஏறிச் சுற்றி வந்து இறங்க முடியும். எடை வரம்புக்குள் இருந்தால். விமானி எது நின்றது என்று சரியாகப் பார்த்தால்.

அந்தப் "பார்த்தால்" சும்மா சொன்னதில்லை. 2015 பிப்ரவரி 4, தைபே. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஏடிஆரின் வலது எஞ்சின் சக்தி போனது. அந்தப் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினைக் குறைத்து அணைத்துவிட்டார் கேப்டன். மேம்பாலத்தில் இறக்கை தட்டி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள், 15 பேர் பிழைத்தார்கள். பொக்காராவில் 2023 ஜனவரி 15 அன்று 72 பேர் இறந்ததும் விமானிகளின் கைத்தவறால்தான். இறக்கையின் பின்மடலை இறக்கும் ஃபிளாப் லீவரை நகர்த்த வேண்டிய இடத்தில் பக்கத்திலிருந்த இரண்டு லீவர்களை நகர்த்திவிட்டார்கள். விசிறிகள் காற்றைத் தள்ளுவதை நிறுத்திவிட்டன. எஞ்சின் ஓடுகிறது, இழுவை இல்லை.

இயந்திரத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், எனக்கு எஞ்சினைவிட விமானிகளின் பயிற்சியும் ஓய்வு நேரமும்தான் பெரிய கவலை. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கம் ஒரு விசிறி விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதில் களைப்பு, பயிற்சி இரண்டும் பேசுபொருளாயின. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் நின்று போராடித்தான் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்ற விதி வந்தது. பயணிகள் வீட்டுச் சாதாரண மனிதர்கள் கொண்டுவந்த விதி அது. எனக்கு அவர்கள் மீது பெரிய மரியாதை.

11 செப்டம்பர்

எடை. இதை நிதானமாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பெரிய விமானத்தில் 180 பேரில் பத்துப் பேர் குண்டாக இருந்தால் ஒன்றும் ஆகாது. 17 பேரில் பத்துப் பேர் என்றால் கணக்கு மாறும். அதனால்தான் சின்ன விமானத்துக்குக் கவுண்ட்டரில் பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடை மேடையில் ஏறச் சொல்வதுண்டு. நம் ஊர்ப் பெண்கள் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம். அந்த எண் யாரிடமும் சொல்வதற்கல்ல, லோட் ஷீட் என்ற எடைக் கணக்குத் தாளில் எழுதுவதற்கு.

2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட். 19 சீட் பீச்கிராஃப்ட், இரண்டு விமானிகளோடு 21 பேர். ஏறிய உடனே மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது, இறக்க முடியவில்லை, விமான நிலையக் கொட்டகை மேலேயே விழுந்தது. எல்லாரும் போனார்கள். விசாரணையில் இரண்டு விஷயம். ஒன்று, சில நாள் முன் நடந்த பராமரிப்பில் வாலில் இருக்கும் எலிவேட்டரின் கம்பியைத் தவறாக இழுத்துக் கட்டிவிட்டார்கள், மூக்கைக் கீழே இறக்கும் அசைவு பாதியாகிவிட்டது. இரண்டு, பயணிகளை எடை போடாமல் சராசரி எடையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தச் சராசரி பழைய காலத்து மனிதர்களுடையது. உண்மையில் விமானம் வரம்பைத் தாண்டி இருந்தது, பாரமும் பின்னால் சாய்ந்திருந்தது. இதற்கப்புறம்தான் அமெரிக்காவில் சராசரியை உயர்த்தினார்கள்.

மாட்டு வண்டியில் பாரம் பின்னால் போனால் நுகத்தடி தூக்கிக்கொள்ளுமே, அதேதான். கம்பி கட்டியவனின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும். நாங்கள் எலிவேட்டர் கேபிள் மாற்றினால் ஒருவர் கட்டுவார், கட்டாத இன்னொருவர் வந்து டென்ஷன் மீட்டரை வைத்து அளப்பார், காக்பிட்டில் ஒருவர் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளி இழுக்க, வால் பக்கம் ஒருவர் கோணமானியோடு நின்று மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கத்திச் சொல்வார். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் வெளியே போகும்.

ஆகவே உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கைப்பையை மறைக்க வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், ஊறுகாய் ஜாடி எல்லாம் கொடுத்தனுப்புவீர்கள் என்று தெரியும். கொடுங்கள், ஆனால் எடை மேடையில் வையுங்கள். அதிகமானால் கத்தரிக்காயைத் திப்ருகரில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகட்டும். விமானி இரண்டு பேரைப் பின் சீட்டுக்கு மாறச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் மாறட்டும்.

11 செப்டம்பர், இரவு

பின் சீட்தான் பத்திரம் என்று ஆம்பூரிலிருந்து எழுதியவருக்கும் மேலே உள்ளதே பதில். 17 சீட்டில் பத்திரமான சீட் என்று தேடாதீர்கள். உட்காரச் சொன்ன இடமே பத்திரமான இடம்.

15 செப்டம்பர்

அப்துல்லாபுரம் பேச்சுக்கு வருவோம், நிறைய பேர் அதையே கேட்கிறீர்கள்.

சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஓடுதளத்தைச் சீர்செய்து, கட்டடம் கட்டி, இன்னும் பயணிகள் விமானம் வரவில்லை. எப்போது வரும் என்பது என் வேலை இல்லை. வந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது வெயில். சூடான காற்று லேசானது. இறக்கைக்கும் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு, விசிறிக்கும் தள்ளக் காற்று குறைவு. வேலூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 அடியில் இருக்கிறது. மே மாதம் 40 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்து ஊர். அதாவது அக்னி நட்சத்திர மதியத்தில் அப்துல்லாபுரத்தில் புறப்படுவது ஏலகிரி உச்சியில் புறப்படுவதுபோல. ஓடுதளம் நீண்டதல்ல. சுற்றிலும் நம்ம மரமில்லாத மலைகள். இந்த நிலையில் ஓர் எஞ்சின் நின்றாலும் மலையைத் தாண்டி ஏற முடிய வேண்டும். அதற்கு ஒரே வழி எடையைக் குறைப்பது. 19 சீட் இருந்தும் மே மதியத்தில் 13 பேரைத்தான் ஏற்றுவோம் என்று நிறுவனம் சொன்னால், யாரும் சண்டை போடக் கூடாது. அது சரியாக நடத்தப்படும் நிறுவனம் என்பதற்கு அடையாளம். காலை 7 மணி விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். தூக்கலும் நன்றாக இருக்கும், குலுங்கலும் குறைவு.

இரண்டாவது, பறவைகள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கோழிக்கழிவு, இறைச்சிக் கழிவு கொட்டினால் பருந்து வரும், விமானத்தில் மோதும். இது உள்ளாட்சியும் நாமும் பார்க்க வேண்டிய வேலை. விமானம் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

18 செப்டம்பர்

"சரியாக நடத்தப்படும் நிறுவனம்" என்று சொல்லிவிட்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லை என்கிறார் வாலாஜா நண்பர். நியாயம்.

அட்டவணைப்படி ஓடும் சேவை ஒன்று, வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் ஒன்று, சுற்றிக்காட்டும் விமானம் ஒன்று. இம்மூன்றும் ஒரே தரம் அல்ல. அட்டவணை சேவையில் பாதை, மாற்று விமான நிலையம், விமானியின் பணி நேரம் எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏயின் பார்வை நெருக்கமாக இருக்கும். சார்ட்டரில் பணம் கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "கிளம்பலாமே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பல விபத்து அறிக்கைகளில் இந்தக் குரல் கேட்கும்.

ஓய்வுக்கு அப்புறம் குடும்பத்தோடு வெளிமாநிலத்தில் சுற்றுலா போனபோது ஒரு குட்டி விமானத்தில் ஏறச் சொன்னார்கள். யாரையும் எடை போடவில்லை, பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எடை போடுவதில்லையா என்று கேட்டேன், சிரித்தார்கள். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பேரன் அழுதான், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். கட்டிய பணம் திரும்பவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: எடை போடுகிறார்களா, கதவு எங்கே, எப்படித் திறப்பது என்று சொல்கிறார்களா, இரண்டு விமானிகள் இருக்கிறார்களா, வானிலை சரியில்லாத நாளில் ரத்து செய்த பழக்கம் அவர்களுக்கு உண்டா.

19 செப்டம்பர்

முந்தின குறிப்பை இன்று திரும்பப் படித்தபோது தோன்றியது. கதவு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அது அதைவிடப் பெரியது. 19 சீட் வரை பணிப்பெண்ணே இல்லாமல் ஓட்டலாம் என்று அமெரிக்க விதியில் இருக்கிறது. அப்படிப்பட்ட விமானங்களில் அவசரம் என்றால் கதவைத் திறப்பது பயணிதான். உட்கார்ந்ததும் கைப்பிடியைப் பாருங்கள், எத்தனை சீட் தள்ளி என்று தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கை தெரியும்.

பையை விட்டுவிட்டு இறங்க வேண்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவில் பெரிய ஜப்பான் விமானம் எரிந்தபோது உள்ளே இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். அதே ஓடுதளத்தில் அதோடு மோதிய கடலோரக் காவல்படையின் சின்ன விமானத்தில் 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

23 செப்டம்பர்

தரையில் இருக்கும் ஆபத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது.

சின்ன விமான நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் கிடையாது. நடந்தே போய் ஏறுவீர்கள். விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, அந்த இடம் வெறும் காற்றாகத்தான் இருக்கும். டோர்னியரில் பயணிகள் கதவு இறக்கைக்குப் பின்னால். ஆகவே பின்பக்கமாக வந்து பின்பக்கமாகவே போக வேண்டும், இறக்கைக்கு முன்னால் போகக் காரணமே இல்லை. துப்பட்டா, தொப்பி பறந்தால் பறக்கட்டும், துரத்த வேண்டாம். குழந்தையின் கையை விடக் கூடாது. செல்ஃபி எடுக்கப் பின்னாலேயே நகர்வார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கத்தத் தோன்றும். கத்தியும் இருக்கிறேன்.

30 செப்டம்பர்

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து போகும் நோயாளிகள் பற்றித் திருவலத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். வங்காளம், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், அவர்களுக்கு இது முக்கியம்.

பெரிய விமானத்திலும் கேபின் அழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000, 8,000 அடி மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கும். டோர்னியர் போல அழுத்தமில்லாத விமானத்தில் அது பறக்கும் உயரம்தான் உங்கள் உயரம். நுரையீரல், இதயக் கோளாறு உள்ளவர்கள், அறுவை சிகிச்சை முடித்தவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் "விமானத்தில் போகலாமா, எவ்வளவு நாள் கழித்து" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷெல் கண் மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்னும் கவனம். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால், மேலே போகப் போக அது விரியும், பார்வையே போகலாம். குமிழி கரைந்தது என்று டாக்டர் சொல்லும் வரை விமானம் கூடாது. அவர்களுக்கு ரயில்தான்.

9 அக்டோபர்

குடியாத்தம் தம்பி எழுதிவிட்டார். மகள் திப்ருகர் வரை போயாயிற்று, மறுநாள் டோர்னியர் மேகமூட்டத்தால் ரத்து. "முதல் தடவையே இப்படி, சகுனம் சரியில்லை என்கிறாள் அவள் அம்மா" என்கிறார்.

எனக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. நான் ஒரு மாதமாக எழுதிவந்த அந்த "போகலாமா, வேண்டாமா" முடிவு அங்கே சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஜோர்ஹாட்டில் விமானிகள் காலையிலிருந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மேலேயுள்ள முகாமில் காய்கறியும் மண்ணெண்ணெயும் தீர்ந்திருக்கும், வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மதியம் ஆகும், "இன்று இல்லை" என்று ஒரு கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றுவார். யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர்களோடு பறந்ததால்தான் எங்களில் பலர் ஊர் திரும்பினோம்.

10 அக்டோபர்

நடைமுறை விஷயம். நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைத் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. வானிலைக்கு நஷ்டஈடு கிடையாது. பணம் திரும்பக் கேட்டுவிட்டுச் சாலையில் போக நினைத்தால் போகிபீல் பாலம் 2018இல் திறந்ததிலிருந்து திப்ருகரிலிருந்து பிரம்மபுத்திராவைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையில் சேரும் தேதியை மருத்துவமனையிடம் சொல்லி இரண்டு நாள் தள்ளி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இனி ஊருக்கு வரும்போதும் திப்ருகர் விமானத்துக்கும் டோர்னியருக்கும் இடையில் ஒரு நாள் விட்டுப் பதிவு செய்யட்டும். அன்றே இணைப்பு விமானம் பிடிக்க வேண்டும் என்று டிக்கெட் போட்டால், மழை நாளில் விமானியை அவசரப்படுத்தும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாகிவிடுவாள்.